எட்டுக் காலிக் கட்டங்கள்

வேங்கிக்கால் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அன்புச்செல்விக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பி.டி. டீச்சர். ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி கிரிவலத்துக்கு ரோட்டை அடைத்துவிட்டால் ஸ்கூட்டியை வீட்டில் விட்டு நடந்தே வருவாரே தவிர, லீவு போட மாட்டார். அவர் கழுத்திலிருந்து விசில் இறங்கி நான் பார்த்ததில்லை. அதே பள்ளியில் கணக்கு எடுப்பவள் நான். என் பீரியடைப் பிடுங்குகிறவர்களில் அவருக்குத்தான் முதலிடம்.

போன வருடக் குடியரசு தினத்தில், பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் அவருடைய பிரமிடு சரிந்தது. மாவட்ட விழா, ஊரே பார்த்தது. உச்சிக்கு ஏறிய ஒன்பதாம் வகுப்புத் தென்றல் பாதியில் தடுமாறினாள். பாட்டு காத்திருக்கவில்லை, கீழே நின்ற பிள்ளைகள் பாட்டோடு அடுத்த அசைவுக்குப் போய்விட்டார்கள். தென்றலுக்குக் கை முறிந்தது. கை சரியாகி, நவம்பரில் பயிற்சிக்குப் பேர் கொடுக்கும்போது, இந்த முறையும் தானே ஏறுவேன் என்றாள்.

"ஏறு. ஆனா இந்த வாட்டி பாட்டு உனக்காக நிக்கணும்" என்றார் அன்புச்செல்வி.

பாட்டைத் தானே அமைக்க ஒரு சாஃப்ட்வேர் கேட்டு, நேராகக் கம்ப்யூட்டர் லேபுக்குப் போனார். லேபைப் பார்த்துக்கொள்ளும் பிரதோஷ் கையை விரித்தார்.

"நம்ம லேபுல லினக்ஸ், டீச்சர். நீங்க கேக்கறதுலாம் இதுல ஓடாதுங்க. யூட்யூப்ல ஒண்ணு எடுத்துக்கலாமே?"

"அது அதுபாட்டுக்குப் போவும் சார். எனக்கு டிரம் மட்டும் போதும். எங்க அடிக்கணும், எங்க நிக்கணும்னு நான் சொல்லணும்."

ஒரு வாரம் தேடினார்கள். முதலில் கிடைத்ததில் திரை முழுக்கப் பட்டன்கள். எதை அழுத்தினாலும் சத்தம் வரவில்லை. அடுத்ததில் சத்தம் வந்தது, ஆனால் மேற்கத்திய இசை படித்தவர்களுக்குத்தான் அது விளங்கும். "ஜாஸ்தி வேணாம் சார், கம்மியா இருக்கறதா பாருங்க" என்றார் அன்புச்செல்வி. மூன்றாவதற்கு ஹைட்ரஜன் என்று பெயர். இலவசம். வரிசையாகக் கட்டங்கள், கட்டத்தைத் தொட்டால் டிரம் அடிக்கும், விட்டால் சும்மா இருக்கும். மனுஷி அன்று மதியச் சாப்பாட்டையே மறந்தார். தென்றல் ஏறும் இடத்தில் எட்டு எண்ணிக்கைக்குக் கட்டங்களைக் காலியாக விட்டார்.

இரண்டு மாதம் பயிற்சி. டிரம் நிற்கும்போது பிள்ளைகள் மனதுக்குள் எட்டு எண்ண வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவர், சவுண்ட் சர்வீஸ் காசியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

குடியரசு தின விழாவில், சொல்லிவைத்த இடத்தில் டிரம் நின்றது. தென்றல் அப்போதுதான் முதல் தோளில் கால் வைத்திருந்தாள். காசி பதறிப்போய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். பென்டிரைவ் போய்விட்டது என்று முடிவுகட்டி, அவசரமாக ஒரு சினிமாப் பாட்டைத் தேடினார். எதிர்ப்பக்கம் நின்ற அன்புச்செல்வி அதைப் பார்த்துவிட்டார். கத்தினால் அவ்வளவு தூரம் கேட்காது. விசிலை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். விசில் அடித்தால் பிள்ளைகளுக்கு 'இறங்கு' என்று அர்த்தம். 

அப்போது அடிவரிசையில் ஒருத்தி வாய்விட்டு எண்ணினாள். "அஞ்சு!" உடனே அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். "ஆறு! ஏழு!" காசியின் விரல் பட்டன் மேலேயே நின்றது. "எட்டு!"

தென்றல் உச்சியில் நிமிர்ந்து இரண்டு கையையும் விரித்தாள். டிரம் அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

இறங்கியதும் தென்றல் நேராக அன்புச்செல்வியிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், அடுத்த வருஷம் எட்டு வேணாம். ஆறே போதும்."