குழல் பார்த்த இடமும் ஸ்கோப் பார்த்த இடமும்

நீக்கிலாஸ் என்ன வேலை செய்கிறார் என்று ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத் தமிழ்ச் சனத்தைக் கேட்டால், "உவர் கண்ணாடி வேலை" என்பார்கள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வில்லை தீட்டிய மனுசன், ரொறன்ரோவுக்கு வந்து ஒரு துவக்குக் கடையின் பின்னறையில் குந்தி, வேட்டைத் துவக்குகளுக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் பூட்டிக்கொண்டிருந்தார். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனத்திடம் போய், "எனக்குத் துவக்குக் கடையிலை வேலை" என்று சொல்லமுடியுமா? உவன் எந்த இயக்கம், ஆருக்குச் சாமான் எடுத்துக் குடுக்கிறான் என்று அடுத்த ஞாயிறே தேவாலய வாசலில் விசாரணை வைத்துவிடமாட்டார்களா? ஆகவே வாயை மூடிக்கொண்டார். வாயை மூடினால் வம்பு வராது, சரி. ஆட்களும் வரமாட்டார்கள்.

நாற்பது தாண்டியும் கலியாணம் இல்லை. தமக்கை குடும்பத்தோடு இருந்தவரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் சந்தடி இருந்தது. தொண்ணூற்றிநாலு கோடையில் அவர்கள் பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். "நீயும் வாவன்" என்று தமக்கை கேட்டாள்தான். கேட்ட விதத்திலேயே வரவேண்டாம் என்பது விளங்கியது. மனுசன் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு மாறினார். பின்னேரம் வந்து சோறு வடித்து, ரேடியோவைத் திருகி, அது கதைக்கக் கதைக்க இடையில் "ஓமோம்" போடுவார். சிரிக்கவேண்டாம். தனியே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இலையுதிர்காலம் வந்தால் மான் சுடப் போகிறவர்கள் கடையை மொய்த்துவிடுவார்கள். அந்த ஒக்டோபரில் ஒருவன் கொண்டுவந்த துவக்குத்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நேராகப் பார்த்துச் சுட்டால் குண்டு வலப்பக்கமாக மேலே போகிறது, ஸ்கோப்பின் திருகுகளைக் கடைசிமட்டும் திருகியும் சரிவரவில்லை என்று சொல்லிக் கடைக்கார அலெக்ஸாண்டரிடம் தள்ளிவிட்டுப் போனான். அந்த உக்ரைன் கிழவர் அதை அப்படியே பின்னறைக்குத் தள்ளினார்.

அங்கே ஒரு முறை இருந்தது. குண்டைத் தள்ளும் பின்பூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறும் குழாய்தான். அதை மேசையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் இறுக்கி, குழலுக்குள்ளால் கண்ணை வைத்து, யன்னலுக்கு வெளியே டோர்செட் பார்க் பக்கத்து மாடிக் கட்டடத்தின் கூரையில் நிற்கும் அன்ரனாக் கம்பத்துக்கு நேர் பிடிக்கவேண்டும். கூரைக்குக் கீழே குழல் இறங்கக்கூடாது. அது அலெக்ஸாண்டரின் கண்டிப்பான சட்டம். பிறகு ஸ்கோப்பால் பார்த்தால் அதன் சிலுவைக்கோடும் அதே கம்பத்தில் விழவேண்டும்.

நீக்கிலாஸ் குழலைக் கம்பத்தில் பிடித்தார். ஸ்கோப்பால் பார்த்தார். கம்பத்தைக் காணவில்லை! சிலுவை கீழே இறங்கி, இடப்பக்கம் சரிந்து, அதே கட்டடத்தின் ஒரு பல்கணியில் நின்றது. அங்கே தொப்பியும் சால்வையுமாக ஒரு தமிழ்க் கிழவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கோளாறு என்னவென்று உடனே பிடிபட்டது. ஸ்கோப்பைத் துவக்கில் தாங்கிப் பிடிக்கும் பின் மவுண்டுக்கு ஓட்டை போட்டவன் நடுவில் போடாமல் வலப்பக்கமாகப் போட்டிருந்தான். முன் மவுண்ட் வேறு பணிந்து கிடந்தது. முன்பக்கத்தின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து, பின் மவுண்டை மாற்றி, இரண்டு வளையத்துக்குள்ளும் ஓர் உருக்குக் கம்பியைப் போட்டு அரைபசை தடவித் தேய்த்தால் நேராகிவிடும். ஒரு பின்னேர வேலை.

அந்த ஒரு பின்னேர வேலையை மனுசன் வாரக்கணக்காக இழுத்தார். அலெக்ஸாண்டர் கேட்டால், "மவுண்ட் இன்னும் வரவில்லை" என்பார். மவுண்ட் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நேராக்கிவிட்டால் சிலுவை மேலே ஏறிக் கம்பத்துக்குப் போய்விடும், கிழவர் போய்விடுவார்.

அப்படி என்ன கண்டுவிட்டார்? ஒன்றுமில்லை. கிழவர் தேத்தண்ணி குடித்து முடித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ரஸ்க் எடுத்து உடைத்துப் புறாக்களுக்குப் போடுவார். அவை கூடினதும் பயந்துபோய்ப் பேப்பரைச் சுருட்டி அடித்துக் கலைப்பார். அடுத்த நாள் திரும்பவும் போடுவார். நீக்கிலாஸ் தன்னந்தனியே பின்னறையில் குலுங்கிச் சிரிப்பார். கிழவரின் மேலே சிலுவையை வைப்பது பாவம் என்று, கோடு கதிரையின் காலடியில் விழத் திருகி வைத்திருந்தார். அலெக்ஸாண்டரை விட்டால், நாள் முழுக்க அவர் பார்த்த ஒரே மனுசமுகம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை தமிழ்க்கடையில், மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு அதே தொப்பி நின்றது. நீக்கிலாஸ் தன்னை மறந்து, கனகாலம் பழகினவர் மாதிரிப் பல்லைக் காட்டிவிட்டார்.

"தம்பிக்கு என்னைத் தெரியுமோ?"

"இல்லை ஐயா. ஊரிலை கண்ட முகம் மாதிரிக் கிடந்தது."

"அப்ப நீர் நல்லூர்ப் பக்கமோ?"

தொடங்கிவிட்டது கதை. தில்லையம்பலம் என்று பெயர். மகள் இராஜேஸ்வரிதான் அவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவள். அவள் வேலைக்குப் போனால் பிறகு கதைக்க ஒரு சீவன் இல்லை. நீக்கிலாஸ் அரிசிப்பையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை போனார். தேத்தண்ணி வந்தது. அடுத்த சனியும் போனார், சோறு வந்தது. வேலை என்ன என்று கேட்டதற்கு "கண்ணாடி வேலை" என்றார். அந்த ஒரு வீட்டுக் கதவு மூடினால், இந்தப் பெரிய நகரத்தில் தட்டுவதற்கு அவருக்கு வேறு கதவு கிடையாது.

மூன்றாவது சனி இராஜேஸ்வரியும் வீட்டில் நின்றாள்.

"அண்ணை, உந்தப் பல்கணியைப் பாருங்கோ. முழுக்கப் புறாப்பீ! ஆரோ தீன் போடுகினம். பில்டிங் ஒஃபீஸிலையிருந்தும் சொல்லிப்போட்டாங்கள்."

"பக்கத்து வீட்டுக்காரர்தான், பிள்ளை. சொன்னாக் கேக்கினமில்லை," என்றார் தில்லையம்பலம், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகத்தோடு.

நீக்கிலாஸுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "ஐயோ ஐயா, அண்டப் புளுகு! நீங்கள்தானே தேத்தண்ணி குடிச்சாப்போலை ரஸ்க் உடைச்சுப் போடுறனீங்கள். பிறகு பேப்பராலை அடிச்சுக் கலைக்கிறதும் நீங்கள்தான்!"

இராஜேஸ்வரி "அப்பா!" என்று கத்திச் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கிழவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"பிள்ளை வேலைக்குப் போன பிறகு, வீட்டிலை ஒருத்தரும் இல்லாத நேரத்திலைதான் நான் போடுறனான். உமக்கெப்பிடித் தெரியும்?"

வேறேதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். பொய்யிலேயே வருசக்கணக்காக இருந்த வாய்தான். ஆனால் இந்த மனுசனுக்கு இன்னொரு பொய் சொல்ல நீக்கிலாஸுக்கு மனம் வரவில்லை. துவக்குக் கடை, இடம் பிசகிய மவுண்ட், அன்ரனாக் கம்பம் எல்லாவற்றையும் சொன்னார்.

"குண்டில்லை ஐயா. பூட்டும் கழட்டித்தான். குழல் கூரையைத்தான் பாத்தது, சத்தியமா. ஸ்கோப்தான் பிழையா உங்களைப் பாத்தது."

தில்லையம்பலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கையிலிருந்த கோப்பையைக் கவனமாக மேசையில் வைத்தார்.

"துவக்குக்குப் பின்னாலை நிக்கிற உமக்குத் தெரியும் தம்பி, குழல் எங்கை பாக்குதெண்டு. முன்னாலை இருக்கிறவனுக்குத் தெரியுமோ?"

கிழவர் பல்கணிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஊரிலை எங்கடை வீட்டுக்கு நேர் எதிர ஆமிக் காம்ப். மேலை காவல் சென்றியிலை நிக்கிறவன் ஆரைப் பாக்கிறான், சும்மா பாக்கிறானோ சுடப் பாக்கிறானோ, ஒண்டும் தெரியாது. காம்ப் இருந்த காலம் முழுக்க நான் வீட்டு முத்தத்துக்கு இறங்கேல்லை. இஞ்சை வந்துதான் வெளியிலை ஒரு கதிரையைப் போட்டுக் குந்தினனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. திங்கட்கிழமை போனவுடனை அதை நேராக்கிப்போடுறன்."

"நீர் கெட்ட மனுசனில்லை. எனக்குத் தெரியும்," என்றார் கிழவர். குரலில் பொய் இல்லை. கண் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தூரத்தில் தெரிந்த கடைகளின் பின்யன்னல்களை ஒவ்வொன்றாகத் தேடியது. "எனக்கு நாரிப்பிடிப்பு, குனிஞ்சு தூக்க ஏலாது. உந்தக் கதிரையை ஒருக்கா உள்ளுக்கு எடுத்துவிடும், தம்பி."

நீக்கிலாஸ் பல்கணிக்குப் போனார். புறாக்கள் எழும்பிப் பறந்தன. கதிரை பாரமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாக வைத்தார். தில்லையம்பலம் கதவை இழுத்துப் பூட்டி, திரைச்சீலையையும் மூடினார்.