மாத்திரைக்குப் பேர் என்ன?

செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்குக் கோபம் இறங்கவேயில்லை. ஆகவே இந்த வாரப் பத்தியில் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவள் விஜி. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் டீச்சராகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன், அவள் கொழுந்து பறிக்கப் போனாள். மூன்று வாரங்களுக்கு முன்புதான் வீட்டு வேலைக்கென்று வளைகுடா நாடு ஒன்றுக்குப் புறப்பட்டாள். எந்த நாடென்று சொல்லமாட்டேன் — அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

“அக்கா... இழுப்பு வந்திருச்சு... மாத்திர பேரு... என்னன்னு... கேட்டுச் சொல்லுங்கக்கா...”

அவ்வளவுதான் பதிவு. சொல்லுக்குச் சொல் நடுவே மூச்சு விசிலடித்தது.

இழுப்பு என்றால் ஆஸ்துமா. மூத்த பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்கு இருக்கிறது. பத்து வருஷமாகத் தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரைதான். வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுவாள், இறங்குவாள், கூடை சுமப்பாள். ஒரு குறையுமில்லை.

உடனே கூப்பிட்டேன். திக்கித் திணறிச் சொன்னாள்.

புறப்படும்போது மூன்று மாதத்துக்கு மாத்திரை கேட்டு வாங்கியிருக்கிறாள். டிஸ்பென்சரியில் எப்படிக் கொடுப்பார்கள்? பழைய கொப்பித் தாளில் மடித்து, மேலே பேனாவால் கோடு. காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. அந்தப் பொட்டலத்தை அப்படியே பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். அங்கே இறங்கியதும் அதிகாரி ஒருவர் பையைத் திறந்தார். பேரில்லாத, சீட்டில்லாத, தாளில் மடித்த நூற்றுக்கணக்கான மாத்திரைகள்! தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

முதல் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் ஏசிக் குளிரும் கார்ப்பெட் தூசியும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. அந்த வீட்டு மேடம் பொல்லாதவர் இல்லை. டிரைவருடன் மருந்துக்கடைக்கே அனுப்பிவைத்திருக்கிறார். டிரைவர் கண்டிப் பக்கத்து ஆள், தமிழ் தெரிந்தவர். மருந்துக்கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: மாத்திரையின் பேர் என்ன?

“வெள்ளையா, ரவுண்டா, நடுவுல கோடு போட்டிருக்கும்னு சொன்னேங்க்கா. அவரு பின்னாடி இருந்த செவுரக் காட்டினாரு. செவுரு பூரா வெள்ள மாத்திரதான்...”

ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்கிறீர்களா? அந்த நாட்டு அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. வியாழக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ஏஜென்சியிலேயே திருப்பி விட்டுவிடுவதாக மேடம் சொல்லிவிட்டார். மூச்சுக்கும் ஆபத்து, வேலைக்கும் ஆபத்து.

“என்ன முழுங்குறேன்னு ஒனக்கே தெரியாதான்னு மேடம் கேட்டிச்சாம். டிரைவர் சொன்னாரு. எனக்கு வெக்கமாப் போச்சுக்கா.”

அவளுக்கு வெட்கமாம்! யாருக்கு வரவேண்டிய வெட்கம்?

போகுமுன் பயிற்சி வகுப்பு நடத்தினார்களே, அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது, கண்ணாடியை எப்படித் துடைப்பது. “யெஸ் மேடம்” என்று எத்தனை விதமாகச் சொல்லலாம். அதுவும் பாதிக்குமேல் சிங்களத்தில். பக்கத்தில் இருந்தவள் தலையாட்டியபோதெல்லாம் தானும் ஆட்டியதாக விஜியே சொன்னாள். உனக்கு என்ன நோய் வருத்தம், என்ன மருந்து எடுக்கிறாய் என்று ஒரு மனுஷராவது கேட்டாரா? ஊஹும்!

சரி, அவர்களை விடுங்கள். நான் என்ன கிழித்தேன்? வெளிநாடு போகிறவர்களுக்கு என்று இதே பத்தியில் நீட்டி முழக்கியவள்தானே நான்! பாஸ்போர்ட்டை நகல் எடுங்கள், பையில் மேலதிகச் செருப்பு வையுங்கள், ஊறுகாயை இரண்டு உறையில் போடுங்கள்... ஊறுகாய்க்குச் சொன்ன புத்தியில் கால்வாசியை மருந்துக்குச் சொல்லவில்லை. விஜி புறப்பட்ட அன்று அவள் பையைப் பூட்டிக்கொடுத்ததே இந்தக் கைதான்.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த பார்மசிக்காரரிடம் ஓடினேன்.

“மிஸ், இழுப்புக்குப் பத்து வகை இருக்கு. ஊகத்துல குடுக்கிற சாமானா இது? எங்க வாங்கினாங்களோ அங்கயே கேளுங்க” என்றார். நியாயமான மனுஷர்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய் இறங்கினேன். டிஸ்பென்சரி ஜன்னலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். எனக்காக ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே மருந்து கொடுப்பவர் — வேறு ஊர்க்காரர், நாலைந்து வருஷமாக இங்கே — கதிரையில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அவ போகும்போதே மூணு மாசத்துக்குக் குடுத்தேனே மிஸ்?”

“அது போயிருச்சு. பேரைச் சொல்லுங்க, போதும்.”

அவர் பெரிய பதிவுப் புத்தகத்தை எடுத்தார், விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். விஜியின் பேர் இருந்தது. நேரே ‘இழுப்பு — மாத்திரை’ என்று எழுதியிருந்தது. பத்து வருஷமும் அப்படியே. எந்த மாத்திரை என்று எங்கும் இல்லை.

“ஏன் பேர் எழுதல?”

சிரித்தார். சிரித்தார் ஐயா, சிரித்தார்!

“நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குப் பேரு சொன்னா வெளங்கும். அதுங்களுக்குப் பேரு எதுக்கு மிஸ்? வெள்ளைல ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு. அப்படிச் சொன்னாத்தான் அதுங்க ஒழுங்காப் போடும்.”

ஆடு மாட்டைச் சொல்வது மாதிரி — அதுங்களாம்! ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அது கேட்டது. கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காதுகள். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது.

“அதுங்க இல்லங்க, அவங்க!” என்று கத்தினேன். “அந்த அவங்க பிள்ளைதான் நான். இதே ஜன்னல்ல எங்கம்மா எத்தனை நாள் நின்னிருப்பாங்க தெரியுமா? அங்க ஒருத்தி மூச்சுவிட முடியாமக் கெடக்குறா. மாத்திரை எந்தப் போத்தல்ல இருந்து வந்துச்சு? காட்டுங்க!”

அவர் முகம் சுருங்கியது. எழுந்துபோய் அலுமாரித் தட்டிலிருந்து ஒரு பெரிய வெள்ளைப் போத்தலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். கொட்டை கொட்டையான எழுத்தில் ‘சல்பியூட்டமோல்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் மாத்திரைப் போத்தலையும் வைத்தார்; அதிலும் பேர் இருந்தது, எத்தனை மில்லிகிராம் என்றுகூட இருந்தது. ஒரு போத்தலைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு நொடியைத்தான் பத்து வருஷமாக யாரும் அவளுக்காகச் செலவழிக்கவில்லை.

இரண்டு போத்தலையும் படமெடுத்தேன். கடதாசியில் பேர், அளவு, வேளை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொடுத்தார். அதையும் படமெடுத்தேன்.

அனுப்பலாமென்றால் சிக்னல் இல்லை! தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கோயில் வளைவில் மட்டும்தான். ஐம்பத்தைந்து வயதில் மூச்சிரைக்க அந்த ஏற்றத்தை ஏறினேன். மூச்சு முட்டுவது என்றால் என்னவென்று எனக்கும் கொஞ்சம் விளங்கியது. படங்களை அனுப்பினேன். ஒரு டிக்... இரண்டு டிக்... அது நீலமாகும்வரை போனைப் பார்த்தபடி கோயில் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. குரல் இன்னும் அடைத்துத்தான் இருந்தது, ஆனால் விசில் குறைந்திருந்தது.

“அக்கா, மருந்து கெடச்சிருச்சு. பேரப் பாத்த ஒடனே எடுத்துக் குடுத்துட்டாரு. ஏணி போட்டுக்கூட ஏறல, கைக்கெட்டுற தட்டுலதான் இருந்துச்சு. பேர மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்க்கா. சல்... பியூட்... டமோல். சரிதானே?”

சரிதான் விஜி, சரிதான். படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் என்பதைச் சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை. அழுது முடித்ததும் மறுபடி கோபம்தான் வந்தது. உலகம் முழுக்க மருந்துக்கடைக்காரரின் கைக்கெட்டும் தட்டில் கிடக்கிற ஒரு சாதாரண மாத்திரை! அதன் பேரை அரண்மனை ரகசியம் மாதிரி அல்லவா வைத்திருந்தோம்!

ஆகவே, வெளிநாடு போகிறவர்களே, ஊறுகாயெல்லாம் அப்புறம். உங்களுக்கு என்ன வருத்தம், அதற்கு என்ன மாத்திரை, எவ்வளவு — ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். மருந்தைப் பேர் ஒட்டிய பெட்டியோடு கேளுங்கள். அந்த நாட்டில் அதைக் கொண்டுவர அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். தர மறுத்தால் சண்டை போடுங்கள். தனியாக முடியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எனக்கு இப்போது நல்ல பழக்கம்.

பஸ்ஸுக்காக இறங்கி வந்தபோது டிஸ்பென்சரியில் ஒரே சத்தம். வரிசை கலைந்து, பெண்கள் எல்லாரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பொட்டலம். மருந்து கொடுப்பவர் என்னைக் கண்டதும் தலையில் கைவைத்தார்.

“பாருங்க மிஸ் நீங்க செஞ்ச வேலைய! எல்லாருக்கும் பேரு எழுதிக் குடுக்கணுமாம்!”

முன்னால் நின்றவளுக்கு என் வயதிருக்கும். தலையில் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, தோளில் கூடைக் கயிறு. அவளிடம் கேட்டேன்.

“நீங்க எந்த நாட்டுக்குப் போறீங்க?”

“நான் எங்கங்க போறது? நாளைக்கு ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன்” என்றாள், பொட்டலத்தை இன்னும் உள்ளே நீட்டிக்கொண்டு. “அதுக்காக, முழுங்குறது என்னன்னு தெரிய வேணாமா?”