சத்தத்துக்கு முந்தியவள்

எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், சின்னவள் சுவரைத் தள்ளுவாள். இரண்டு உள்ளங்கைகளையும் சமையலறைச் சுவரில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, முழங்கால்களை மாற்றி மாற்றி வயிறு வரை தூக்குவாள்.

"ஒருநாள் இல்ல ஒருநாள் பக்கத்து வீட்டுக்குள்ள போய் விழப்போறே" என்பாள் அம்மா.

"விழுந்தா என்ன, அங்க டீ நல்லாருக்கும்."

பதினாறு வயது. தெருவில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். கடைக்கு அனுப்பினால், வாங்க வேண்டியதை மறந்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் திரும்பி வந்து நிற்பாள். பேருந்தில் நின்றபடியே தூங்குவாள். ஓடுவதற்கு முன் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஓடி முடித்ததும், மூச்சு அடங்குவதற்குள், "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சுக்கா" என்பாள்.

அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது அக்காவின் வேலை. எட்டாம் வகுப்போடு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவள், இன்று அங்கே சோதனை மேசையில் இருக்கிறாள். ஒரு தையல் விலகியிருந்தாலும் சட்டை திரும்பிப் போகும். அதே கண்ணோடுதான் தினமும் காலையில் மைதானத்தில் நூறு மீட்டர் முடியும் கோட்டருகே நிற்பாள். மறுமுனையில் மைதானக் காவலாளி இரண்டு பலகைகளைத் தட்டுவார். அக்கா கோட்டை விட்டுப் பார்வையை எடுக்கமாட்டாள். சத்தம் காதில் விழுந்ததும் ஸ்டாப்வாட்சை அழுத்துவாள். தங்கையின் நெஞ்சு கோட்டைத் தொட்டதும் மறுபடி அழுத்துவாள். தேதி, காற்று, காலணி எல்லாம் நோட்டில் ஏறும். போன மாதம் முழுக்க 12.3, 12.4 விநாடி. விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்க 12.50 போதும். இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும்.

தேர்வு நாளன்று, முதல் சுற்றில், மின்பலகை 12.68 என்றது.

"உங்க மிஷின் தப்புங்க!" அக்கா நோட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே போய்விட்டாள். நேரம் குறிக்கும் அதிகாரி இளம்பெண். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினாள்.

"எதைப் பாத்து வாட்சை அழுத்துவீங்க?"

"எதையும் பாக்கமாட்டேன். சத்தம் கேட்டதும் அழுத்துவேன்."

"அங்கதாங்க தப்பு. அந்தக் கோடியிலேருந்து சத்தம் உங்க காதுக்கு வர்றதுக்குள்ள கால் செகண்டுக்கு மேல போயிடும். துப்பாக்கிப் புகையைப் பாத்து அழுத்தணும்."

இறுதி ஓட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டால் சின்னவள் நம்பிக்கையோடாவது ஓடுவாள். ஆனால் பழுதைப் பார்த்த பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைக்க அக்காவுக்குக் கைவராது.

நிழலில் படுத்திருந்தவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ பன்னெண்டரைக்குள்ள ஓடவே இல்லடி. தப்பு என்னோடது."

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட."

"அடிப்பாவி!" என்றாள். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "எப்படியும் இடம் கிடைச்சிடும்னு நினைச்சுல்ல காலைல ஓடினேன். சரி, இரு."

இறுதி ஓட்டத்தில் அக்கா முதல் தடவையாகக் கோட்டை விட்டுக் கண்ணை எடுத்துத் தொடக்கத்தைப் பார்த்தாள். வெள்ளைப் புகை எழுந்தது. சத்தமே இல்லை. அந்த நிசப்தத்துக்குள்ளேயே சின்னவள் கால்வைக்கும் கட்டைகளை உதைத்துக்கொண்டு, தலை கவிழ்ந்து, கிளம்பிவிட்டிருந்தாள். அதன் பிறகுதான் வெடிச்சத்தம் அக்காவை வந்தடைந்தது. ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் இது நடந்திருக்கிறது. அவள் பார்த்ததே இல்லை. வாட்சை அழுத்த மறந்து நின்றாள். எட்டுப் பேரின் காலடிகளில் ஒன்று மட்டும் தனியாகக் கேட்டது, முழு வேகத்தில் ஓடும் தையல் எந்திரம்போல், இடைவெளி மாறாமல். அது நெருங்கியது, கடந்தது, அதன் காற்று அக்காவின் முகத்தில் பட்டது.

சின்னவள் வளைவு வரை ஓடித் திரும்பி வந்தாள். மின்பலகையில் எண்கள் விழுந்துகொண்டிருந்தன. முதல் வரியில் சின்னவளின் பெயர், 12.49. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் மட்டும் முழங்காலில் கையூன்றி, பலகைக்கு முதுகைக் காட்டியபடி, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.