பயோஸில் இருந்த பெயர்

தனக்குக் கம்ப்யூட்டர் திருத்தத் தெரியும் என்று கடைக்கு வருகிறவர்களை நம்பவைக்கவே தனுஜாவுக்கு ஐந்து வருடம் பிடித்தது. அவள் கையில் இருக்கும் ஸ்க்ரூட்ரைவரைப் பார்த்துக்கொண்டே, "திருத்துறவரு இல்லையா மிஸ்?" என்று கேட்பார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் வேலை தேடிக் கண்டி டவுனெல்லாம் அலைந்தாள். அப்பா மாநகர சபையில் குப்பை லொறியோடு போனவர், வீடு மஹய்யாவ, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. டிப்ளோமா சான்றிதழைப் புரட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் முகவரியில் வந்து நின்றுவிட்டார்கள். முகம் மாறாமல் "நாளைக்கே வாங்க" என்றவர் சுதேஷ் முதலாளி ஒருவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவோ விழுங்கியிருக்கிறாள்.

விழுங்கியதில் ஒன்று அந்த ஓவர்கிளாக் சமாச்சாரம். தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்க வசதியில்லாதவர்கள் புரோசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். அதைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டால், கடையில் போட்டுக் காட்டும்போது படம் வழுக்கிக்கொண்டு ஓடும். முடுக்கச் சொன்னது சுதேஷ், முடுக்கியது தனுஜா. "காட்டி முடிஞ்சதும் பழையபடி வச்சிரலாம்" என்றார். ஆள் வந்து, பார்த்து, அசந்துபோய் வாங்கியதும், "பஸ்ஸுக்கு நேரமாகுதாம், அப்படியே குடுத்துருங்க" என்றார் சுதேஷ். தனுஜாவும் கொடுத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே கம்ப்யூட்டர் கேசிங் போர்வை சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. புசல்லாவையிலிருந்து மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார் சின்னமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பின்னால் அவர் மகள் நிஷாந்தி. கட்டடப் படம் வரையும் கோர்ஸ் படிக்கிறாள், பத்தொன்பது வயது. அழுது கண் வீங்கியிருந்தது.

"காத்தாடி சுத்துது, லைட் எரியுது, படம் மட்டும் வரமாட்டேங்குது மிஸ். இவ என்னமோ நோண்டிட்டா. கேட்டா இல்லங்கிறா."

"நான் ஒண்ணுமே தொடலப்பா."

"வாய மூடு."

தனுஜா மொனிட்டரின் வயரை மாற்றிப் பார்த்தாள். ரேம் இரண்டையும் கழற்றித் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். திரை இருட்டாகவே இருந்தது. மிச்சம் இருந்த காரணம் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்டைப் பிடுங்கி, போர்டில் இருந்த காசு அளவு பெட்டரியைக் கழற்றிவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தாள். திரும்பப் போட்டு பவர் ஆளியை அழுத்தியதும் படம் வந்தது. சின்னமுத்து கையெடுத்துக் கும்பிட்டார்.

எதற்கும், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸுக்குள் போய்ப் பார்த்தாள். பெட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும் அழியும், முடுக்கிய வேகமும் அழியும். முடுக்கும்போது அந்த அமைப்பைப் பெயர் போட்டுச் சேமித்துவைத்திருந்தால், அது மட்டும் அந்த போர்டில் அழியாது. அங்கே ஒரே ஒரு பெயர் இருந்தது, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: தனுஜா. ஒழுங்கான வேலைக்காரி அல்லவா, செய்த திருட்டுவேலைக்கும் பெயர் எழுதிவைத்திருக்கிறாள்!

நிஷாந்தி பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா கோளாறு மிஸ்?" என்றார் சின்னமுத்து.

"கிராபிக்ஸ் வேகத்த கூட்டி வச்சிருந்திருக்கு. தாங்காம படுத்துருச்சு."

"யாரு கூட்டுனது?"

தனுஜா வாயைத் திறந்தாள். அதற்குள் கவுண்டரிலிருந்து சுதேஷ் முந்திக்கொண்டார்.

"வேற யாரு ஐயா? இந்தக் காலத்துப் புள்ளைங்க யூடியூப்ப பாத்து நோண்டுறதுதான். நோண்டுன சாமானுக்கு வாரண்டி இல்ல. போகட்டும், இந்தத் தடவ சும்மா செஞ்சு தர்றோம்." சொல்லிவிட்டுத் தனுஜாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சின்னமுத்து மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நோண்டுனது கூட பெருசில்ல. நீ ஒத்துக்கிட்டா வீட்டுக்குக் கொண்டுபோறேன். இல்லாட்டி இத இங்கயே வித்துட்டு, உன்ன கார்மெண்ட்ஸ் வேலைக்கு அனுப்பிருவேன். பொய் சொல்ற புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?"

நிஷாந்தி திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு தனுஜாவின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சொல்லிவிடம்மா, நீயாவது சொல்லிவிடு என்று தனுஜா மனசுக்குள் கெஞ்சினாள். முப்பத்தொரு வயதுக்காரிக்கு வராத தைரியத்தை அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்டாள், வெட்கக்கேடு.

"நான்தாம்பா நோண்டினேன்" என்றாள் நிஷாந்தி.

"இத நேத்தே சொல்லியிருந்தா அடி மிச்சம்." சின்னமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. போர்வையைச் சுற்றி, கேசிங்கைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டார். "மிஸ்ஸுக்கு நன்றி சொல்லு."

நிஷாந்தி வாசலில் நின்று திரும்பினாள்.

"நன்றி, தனுஜா மிஸ்."

அவர்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பும்வரை தனுஜா கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடினால் பிடித்துவிடக்கூடிய தூரம்தான்.

"நல்லா சமாளிச்சோம்" என்றார் சுதேஷ். "டீ சொல்லவா?"

"சொல்லுங்க" என்றாள் தனுஜா.