ஒழுக வேண்டிய கூரை

கட்டிடங்களில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். மெல்பேர்னின் ஏதாவதொரு புது அடுக்குமாடியில் ஹோஸைப் பிடித்தபடி நின்று, கீழ்வீட்டில் ஈரம் தெரிகிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒழுகாவிட்டால் சரி, ஒழுகினால் பிழை. இந்த விதிக்கு விலக்கான ஒரேயொரு கூரையை எனக்குத் தெரியும். அதைச் சோதித்ததும் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

நாங்கள் மெல்பேர்னின் புறநகரான பென்ட்லியில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவின் தம்பியான என் மாமா இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். தற்காலிக விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் வீட்டில் பழுதானவற்றையெல்லாம் திருத்தினார். அவை முடிந்ததும் பழுதாகாதவற்றையும் திருத்தத் தொடங்கினார். மழை பெய்தால் டோர்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ச் சீலிங்கைப் பார்ப்பார். எங்கள் வீடு ஒருநாளும் ஒழுகியதில்லை. வன்னியில் போரின் கடைசி மாதங்களைத் தறப்பாளின் கீழே கழித்தவர் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். தறப்பாள் என்பது ஏதோ ஓர் ஊரின் பெயர் என்று நினைத்திருந்தேன்; கூடாரமாகக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் யூதர். சிறுவனாக இருந்தபோது போலந்திலிருந்து பெற்றோருடன் கப்பலில் வந்தவர். அவர்களுடைய சாமான்கள் வந்த மரப்பெட்டியைப் பிரித்து, அவரது அப்பா நான்கு சுவருக்கான பலகைகள் செய்திருந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் அவை கராஜிலிருந்து வெளியே வந்து பின்வளவில் ஒரு குடிலாகிவிடும். எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பிவந்த முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் வாழ்ந்ததை நினைத்து, ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அதற்குள்தான் சாப்பாடு. சுக்கோத் என்று அந்தப் பண்டிகைக்குப் பெயர். ஒரு பலகையில் அவர்கள் கப்பலேறிய துறைமுகத்தின் பெயர் கறுப்பு மையில் இன்னும் பாதி தெரிந்தது.

அந்த வருடம் அங்கிளுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஏணிப்பக்கம் போகவே கூடாது என்று அவர் மனைவியான அன்ரி சொல்லிவிட்டார். இந்த முறை விட்டுவிடுங்கள் என்று சிட்னியிலிருந்து மகளும் சொன்னாள். ஆனால் பேரப்பிள்ளைகள் முதன்முதலாகப் பண்டிகைக்கு வருகிறார்கள். தன் அப்பாவின் பலகைகளுக்கு நடுவே அவர்களை ஒருமுறையாவது உட்காரவைக்க வேண்டும் என்று வேலியருகே நின்று அம்மாவிடம் சொன்னார் அங்கிள்.

"நான் செய்து குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றார் மாமா.

பண்டிகை தொடங்கும் நாளன்று காலை சுவர்கள் எழும்பின. சூரியன் மறைந்து பண்டிகை தொடங்கியபின் கூரையில் கைவைக்கக் கூடாது. மேலே கொஞ்சம் ஓலை போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு, மகளையும் பிள்ளைகளையும் கூட்டிவர அங்கிளும் அன்ரியும் விமானநிலையம் போனார்கள்.

மாமா ஓலையைப் போட்டுவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது.

"இதுக்குள்ள இருந்து சாப்பிடுறதெண்டா ஆளுக்கொரு குடையும் குடுக்கோணும்."

அங்கிள் வீட்டு முற்றத்தில் தென்னையின் ஒன்றுவிட்ட தங்கை போல ஓர் அழகுமரம் நின்றது. தேங்காய் காய்க்காது, ஓலை மட்டும் ஏறக்குறைய அதே ஓலை. மாமா மட்டைகளைப் பிளந்து கிடுகு பின்னி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கமாக வேய்ந்தார். பின்னேரம் ஹோஸை என் கையில் தந்து, "அடி பிள்ளை," என்றுவிட்டு உள்ளே போனார். அடித்தேன். வெளியே வந்தபோது ஒரு மயிர்கூட நனைந்திருக்கவில்லை. உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான் என்று முடிவுசெய்தேன்.

அங்கிள் வந்தார். ஊன்றுகோலுடன் குடிலுக்குள் போய் வெகுநேரம் மேலே பார்த்தார். இவ்வளவு நல்ல கூரையை நான் கண்டதே இல்லை, ஆனால் இதற்குக் கீழே எங்களால் இருக்க முடியாது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். பெருமழை வந்தால் உள்ளே விழ வேண்டுமாம்.

மாமாவுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியது நான்.

"மாமா, இது ஒழுகோணுமாம்."

"ஆர் சொன்னது?"

"கடவுளாம்."

சூரியன் பின்வீட்டுப் புகைபோக்கிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிள் தன் அப்பாவின் பலகையில் கையை வைத்தபடி நின்றார். பிறகு மாமா போய் ஏணியை எடுத்துவந்தார்.

"எவ்வளவு ஒழுகோணும் எண்டு கேள்."

இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அங்கிளின் முகம் மலர்ந்தது. வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்க வேண்டும், ஆனால் முற்றாக அடைக்கக் கூடாது. மேலே மாமா, கீழே ஊன்றுகோலால் இடம் காட்டியபடி அங்கிள், நடுவில் நான். மாமா ஓர் ஓலையை இழுத்தால் இன்னும் கொஞ்சம் என்பார் அங்கிள். அடுத்ததை இழுத்தால் ஐயையோ, அதைத் திரும்ப வை என்பார். ஒவ்வோர் ஓட்டை விழும்போதும் சிட்னிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பழுதாக்கிறதுக்கும் வேலை தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு சொல்லு," என்றார் மாமா மேலிருந்து. சொன்னேன். அங்கிள் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

கடைசியில் மாமா ஒரு சலுகை கேட்டார். அன்ரி உட்காரும் கதிரைக்கு மேலே மட்டும் கிடுகு அப்படியே இருக்கட்டும். அங்கிள் யோசித்துப்பார்த்து, ஒரு மூலைக்குப் பிழையில்லை என்றார். ஏணியை எடுத்தபோது சூரியன் போகச் சற்றுத்தான் இருந்தது.

எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய சாப்பாட்டு விதிகள் வேறு என்பதால் அம்மா வடை சுடாமல் முழுப்பழங்களாகக் கொண்டுவந்தார். பலகைகளுக்கு நடுவே பேரப்பிள்ளைகள் இடித்துப்பிடித்து உட்கார்ந்தார்கள். ஓலை இடுக்கில் முதல் நட்சத்திரத்தைக் கண்டதும் அங்கிள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப் வந்தது. பின்னாலேயே மழையும் வந்தது. சூப் கெடும் அளவுக்குப் பெய்தால் வீட்டுக்குள் போகலாம் என்பதும் அவர்கள் விதிதானாம். கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி அவர்கள் வீட்டுக் குசினிக்குள் ஓடினோம். அன்ரி மட்டும் நனையாமல், அவசரப்படாமல், சூப்பை முடித்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்தப் பலகைகள் இப்போது சிட்னியில் இருக்கின்றன. வருடாவருடம் பேரப்பிள்ளைகள் படம் அனுப்புவார்கள். கூரையின் ஒரு மூலை மட்டும் நெருக்கமாகப் பின்னியிருக்கும். போலந்திலிருந்து வந்த குடும்ப வழக்கம் என்று இளையவன் நண்பர்களுக்கு விளக்குகிறானாம். நான் திருத்தவில்லை. மாமாவிடம் சொன்னேன், அவரும் திருத்த வேண்டாம் என்றார்.

அன்று மாமா மட்டும் குடிலை விட்டு வரவில்லை. குசினி யன்னலால் பார்த்தேன். தன் கையால் திறந்த ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தபடி, முகத்தில் மழை வழிய, சிரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நனையாதை. உள்ள வா," என்று அம்மா கூப்பிட்டார்.

"வாறன் அக்கா. உள்ள போக வீடு இருக்குத்தானே."

சொல்லிவிட்டு அப்படியே இருந்தார். எங்கெங்கே ஒழுகுகிறது என்று சோதிக்கிறாராக்கும் என்று நினைத்தேன். டோர்ச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார் அம்மா.