மூன்று வாசல், மூன்று பை

ரயில் நிலையத்தின் முதல் வாசலில் பைகளை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்க்கிறவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்பார்கள். உள்ளே இருப்பது துவைத்த சட்டையா, துவைக்காததா என்றுகூடச் சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு. அவள் வீட்டுக்காரர் அதே நிலையத்தில் துப்புரவு வேலை. உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒரு சுற்று வெடிக்கும்.

"எல்லாம் ஒரே கும்பல்ங்க. தலை ஒண்ணு, கைதான் ஊருக்கு ஊர்."

"போடி. மாடி வீட்டுக்காரனோட எனக்குச் சண்டை, உன் தங்கச்சியோட உனக்குச் சண்டை. ரெண்டையும் ஒருத்தனா மூட்டிவிட்டான்? அவனவன் ஆத்திரம் அவனவனுக்கு."

"என் தங்கச்சிய எதுக்கு இழுக்கிறீங்க?"

அதோடு உலக விவகாரம் முடியும். வீட்டு விவகாரம் ஆரம்பிக்கும்.

ஒரு நாள் காலை அவள் திரையில் ஒரு பை வந்தது. கடிகாரம், ஒயர், பேட்டரி, பக்கத்தில் கட்டியாக ஏதோ ஒன்று. பைக்கு உரியவரைக் காணோம். பெல்ட்டை நிறுத்தி வாக்கி டாக்கியில் சொன்னாள். வாய் மூடுவதற்குள் இரண்டாம் வாசலிலும் அப்படி ஒரு பை என்றார்கள். அப்புறம் மூன்றாம் வாசலில். அங்கேதான் அவள் வீட்டுக்காரர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாட்டு அறை அதிகாரியின் குரல் வந்தது. "மூணு படமும் உன் திரைக்கு அனுப்பியிருக்கேன். ஒரே கும்பல்னா ஆளுங்க உள்ளதான் இருப்பானுங்க, எல்லாக் கதவையும் பூட்டணும். சம்பந்தமில்லாததுன்னா பக்கக் கதவைத் திறந்து ஜனங்களை விட்டுடலாம். என்ன சொல்றே?"

பார்த்தாள். ஒன்றில் ஒயரைப் பின்னல் போட்ட மாதிரி அழகாகச் சுற்றியிருந்தது. இன்னொன்றில் எலி கடித்துத் துப்பிய மாதிரி. மூன்றாவதில் கடிகாரமே தலைகீழ். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று வாசலிலும் என்றால்? வருஷக்கணக்காகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அடித்துப் பேசிய பேச்சு, பூட்டு பூட்டு என்றது.

"வேற வேற சார். கதவைத் திறங்க."

"நிச்சயமா?"

"சத்தியமா சார்!"

மூளை சொன்னதா, மூன்றாம் வாசல் சொன்னதா, அவளுக்கே தெரியாது.

பக்கக் கதவுகள் வழியே கூட்டம் தெருவில் கொட்டியது. குழந்தைகள், பெட்டிகள், ஒற்றைச் செருப்புக்காரர்கள். வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை. அவளும் வெளியே வந்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கடைசியில், நடக்க முடியாத யாரோ ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளியபடி, கக்கத்தில் துடைப்பத்தோடு, ஆடி அசைந்து வந்தார்.

"உசுரு போற நேரத்துல துடைப்பம் எதுக்குங்க?"

"விட்டுட்டு வந்தா புதுசு யார் தருவா, நீயா?"

அதற்குள் மூன்று பெரிய மனிதர்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ரயில்வேக்காரர், போலீஸ்காரர், காவல் கம்பெனிக்காரர். ஆளுக்கொரு சோதனைப் பை. காவலர்கள் முழித்திருக்கிறார்களா என்று பார்க்க, ஒருவருக்கொருவர் சொல்லாமல் அதே காலையில் அனுப்பியிருக்கிறார்கள். கட்டியாகத் தெரிந்தவை சோப்பு, செங்கல், களிமண். "முதல்ல யார் வெச்சது?" என்று நடைபாதையிலேயே மூவரும் சண்டைக்கு நின்றார்கள். கூட்டம் பெருமூச்சுவிட்டுச் சிரித்தது.

கட்டுப்பாட்டு அறை அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொன்னே?"

"பார்த்தாலே தெரியும் சார்" என்றாள், வீட்டுக்காரரின் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு.