முதுகு காட்டி நின்றவர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், கல்யாணத்தன்று தங்கை மாலை மாற்ற வெளிச்சம் நன்றாக விழும் இடம் தேடினோம். ஓடை கடலில் சேருமிடத்தில் அந்தி வெயில் அவள் முகத்தைப் பொன்னாக்கியது. மூங்கில் கழியோடு ஒல்லியான ரிசார்ட் காவலாளி எங்களுக்கு முதுகு காட்டித் தண்ணீரையே பார்த்து நின்றார்.

"அண்ணே, படத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "விழட்டும்மா. உங்களுக்கு வெளிச்சம் வர்ற டைம்தான் முதலைக்கும் டைம். பானி கிட்ட, தண்ணி கிட்ட நிக்காதீங்க."

தங்கையை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன்.

கல்யாணத்தைப் புல்தரையில், உச்சி வெயிலில் நடத்தினோம். எல்லாப் படங்களிலும் கண்கள் சுருங்கியிருக்கின்றன.

ஓடைக்கரையில் எடுத்தது ஒரே படம், அவரைத் தள்ளச் சொல்வதற்குச் சற்று முன். அதில் தங்கை சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் அவர் தண்ணீரில் எதையோ அடிக்கக் கழியைத் தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறார். எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.